மாதம் 50 டாலர் எங்கே போகிறது, அத்தை?

கேள்வி: அத்தை, எனக்குத் திருத்துறைப்பூண்டிப் பக்கம். கல்யாணமாகி அமெரிக்கா போய், அங்கே ஒரு விமான கம்பெனியில் கேபின் க்ரூ வேலையில் சேர்ந்து ஏழு மாதம் ஆகிறது. இன்னும் ரிசர்வில்தான் இருக்கிறேன், போன் அடித்தால் ஓட வேண்டும். சம்பளமே குறைவு, அதில் மாதம் சுமார் 50 டாலர் சங்கச் சந்தா என்று பிடித்துவிடுகிறார்கள். அது அம்மாவின் மாத்திரைக் காசு. டெல்டா ஏர்லைன்ஸில் இருக்கும் என் தோழிக்குச் சந்தாவே கிடையாது. வளைகுடாவில் பறக்கும் என் சித்தி மகளுக்கும் கிடையாது, தங்க வீடும் கம்பெனியே தருகிறது. லீவில் ஊருக்கு வந்த இடத்தில் பெரியப்பா, “அமெரிக்கா போயும் சங்கமா?” என்று சிரிக்கிறார். போன மாதம் ஓய்வு நாளில் கூப்பிட்டார்கள், போனேன், பே ஸ்லிப்பில் அதற்குத் தனியாக ஒன்றும் காணோம். அப்போது இந்தச் சங்கம் எங்கே போனது? சந்தாவை நிறுத்த வழி உண்டா?

பதில்: அத்தை என்று கூப்பிட்டுவிட்டாய், அதனால் நீ என்றே எழுதுகிறேன். நான் கும்பகோணத்தில் வேலை பார்த்த காலத்தில் பதினோரு வருஷம் சங்கப் பொருளாளராக இருந்தவள். சம்பளத் தேதியில் ரசீதுப் புத்தகத்தோடு மேஜை மேஜையாகப் போய் நிற்பேன், “எனக்கு என்னம்மா செஞ்சீங்க?” என்று முகத்துக்கு நேரே கேட்பார்கள். சிலருக்குப் பதில் இருந்தது. சிலருக்கு இல்லை, ஏனென்றால் சில வருஷங்களில் எங்கள் சங்கம் தலைவர் பிறந்தநாளுக்குத் தட்டி வைத்ததைத் தவிர உருப்படியாக எதுவும் செய்யவில்லை. அதனால் சங்கம் என்றாலே கும்பிடு போடச் சொல்வேன் என்று நினைக்காதே.

பெரியப்பாவை முதலில் முடித்துவிடலாம். அவருடைய அப்பா காலத்தில் பண்ணையாளுக்குத் தண்டனையாகக் கொடுத்த சாணிப்பாலும் சவுக்கடியும் எப்படி நின்றது என்று அவரிடமே கேள். விவசாயத் தொழிலாளிகள் சங்கம் கட்டி, 1940களில் மன்னார்குடியில் உட்கார்ந்து பேசி, ஒப்பந்தமாக எழுதி வாங்கியதில் வந்தது அது. கூலியாகக் கொஞ்சம் நெல் கூடக் கேட்டதற்கும் சங்கக் கொடியை இறக்க மாட்டோம் என்றதற்கும் 1968ல் கீழ்வெண்மணியில் 44 உயிர் போனது உங்கள் ஊரிலிருந்து ரொம்ப தூரத்தில் இல்லை. அவருக்கு இதெல்லாம் தெரியாமல் இருக்காது. சும்மா சீண்டுகிறார்.

இப்போது உன் 50 டாலர். வருஷத்துக்கு 600 டாலர், நம்ம காசில் ஐம்பதாயிரத்துக்கு மேல். சின்னக் காசு இல்லை, உனக்கு வலிக்கிறது என்பதில் தப்பே இல்லை. ஆனால் கடையில் கொடுக்கிற காசு மாதிரி இதைக் கணக்குப் பார்த்தால் என்றைக்குமே நஷ்டமாகத்தான் தெரியும். 2019ல் டெல்டா ஏர்லைன்ஸ் தன் ஊழியர்களுக்கு ஒரு போஸ்டர் அடித்தது: சங்கச் சந்தா வருஷத்துக்குச் சுமார் 700 டாலர், அந்தக் காசுக்குப் புது வீடியோ கேம் வாங்கி விளையாடலாமே என்று. ஊரே சிரித்தது. சிரித்தவர்களும் அந்தக் கணக்குக்குப் பதில் சொல்லியிருக்க வேண்டும் என்பது என் அபிப்பிராயம்.

நான் சொல்கிறேன். உங்கள் ஊர் கடைமடை. மேட்டூரில் ஜூன் 12ல் திறந்தாலும் உங்கள் வயலுக்குத் தண்ணீர் வந்து சேர நாளாகும், வழியில் வாய்க்கால் தூர்ந்து கிடந்தால் வரவே வராது. அதனால்தான் அந்தக் காலத்தில் வீட்டுக்கு ஓர் ஆள் மண்வெட்டியோடு வந்து கோரையும் காட்டாமணக்கும் வெட்டிப் போட்டார்கள், குடிமராமத்து என்று பேர். ஆள் அனுப்ப முடியாத வீடு காசு கொடுக்கும். அந்தக் காசுக்கு என் வயலில் எத்தனை குடம் தண்ணீர் என்று யாரும் கேட்டதில்லை, வெட்டாத வருஷம் என்ன ஆகும் என்று எல்லோருக்கும் தெரியும். வேலையில் நீயும் இப்போது கடைமடைதான். சீனியாரிட்டிப் பட்டியலில் கடைசி ஆள், ரிசர்வ். எல்லாம் உனக்குக் கடைசியாகத்தான் வரும், சங்கத்தின் பலனும் அப்படித்தான்.

அந்த வாய்க்கால் என்பது ஒப்பந்தப் புத்தகம். உன் சங்கத்தின் வலைத்தளத்தில் இருக்கும், சில நூறு பக்கம். எத்தனை வருஷத்துக்கு எவ்வளவு சம்பளம், ரிசர்வ் ஆளை எத்தனை மணிக்குள் கூப்பிடலாம், வெளியூரில் எந்த மாதிரி ஓட்டல், ஆள் குறைப்பு வந்தால் யார் முதலில் போவது, திரும்ப எடுக்கும்போது யார் முதலில் வருவது எல்லாம் அதில் இருக்கும். கையெழுத்தானதற்கு அப்புறம் ஒரு வரியைக்கூடக் கம்பெனி தானாக மாற்ற முடியாது. அதைப் பேசி எழுத வக்கீல் வேண்டும், கம்பெனி கணக்கைப் பிரித்துப் பார்க்கத் தெரிந்த ஆள் வேண்டும், மேஜைக்கு எதிரே உட்கார உங்களில் சிலர் வேலையை விட்டு வர வேண்டும், அவர்களுக்கு அந்த நாள் சம்பளம் கொடுக்க வேண்டும். சந்தா பெரும்பாலும் போவது அங்கேதான்.

தோழி விஷயத்துக்கு வருகிறேன், அதில் கொஞ்சம் நியாயமாகப் பேச வேண்டும். (டெல்டாக்காரி டெல்டா வேலையைப் பார்த்துப் பொறாமைப்படுகிறாள் என்று எனக்கும் சிரிப்பு வந்தது.) அங்கே விமானப் பணியாளர்களுக்குச் சங்கம் இல்லை. 2002, 2008, 2010 என்று மூன்று தரம் வாக்கெடுப்பு நடந்து மூன்று தரமும் சங்கம் தோற்றது. அப்படியும் அவர்களுக்குச் சம்பளம் மோசமில்லை, லாபத்தில் பங்கும் உண்டு. உங்கள் தொழிலில் வழக்கமாக விமானக் கதவு மூடின பிறகுதான் சம்பள மணி ஓடும், பயணிகளை ஏற்றி, பெட்டியைத் தூக்கி வைத்து, சண்டை தீர்க்கிற நேரமெல்லாம் சும்மா உழைப்பு. அந்த போர்டிங் நேரத்துக்குப் பாதி விகிதத்திலாவது சம்பளம் என்று அமெரிக்கப் பெரிய கம்பெனிகளில் முதலில் கொடுத்ததே சங்கம் இல்லாத டெல்டாதான், 2022 ஜூனில். ஆனால் அப்போது அங்கே சங்கம் அமைக்கப் பிரசாரம் சூடாக நடந்துகொண்டிருந்தது என்பதையும் சேர்த்துப் பார். பக்கத்து வயல்காரன் வாய்க்கால் வெட்டினால் அந்த ஈரம் நம் வயலுக்கும் கசியும்.

அதற்கப்புறம் 2024ல் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் பணியாளர்கள் அதே போர்டிங் சம்பளத்தை ஒப்பந்தத்தில் எழுதியே வாங்கினார்கள். இரண்டும் ஒன்றுதானே என்பாய். நம்ம காவிரியை நினைத்துப் பார். நல்ல மழை வருஷத்தில் தண்ணீர் தானாகப் புரண்டு வரும், யாரும் தீர்ப்பைத் தேட மாட்டார்கள். காய்ந்த வருஷத்தில்தான் காகிதம் தேவைப்படுகிறது. அந்தக் காகிதமும் சும்மா வரவில்லை. 1983ல் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது நம் பக்கத்து விவசாயிகள் சங்கம் ஒன்று, அந்த வழக்கில்தான் 1990ல் நடுவர் மன்றம் அமைக்கச் சொன்னார்கள், 2007ல் இறுதித் தீர்ப்பு, 2018ல் உச்ச நீதிமன்றம் 177.25 டிஎம்சி என்று எழுதியது. உன் தோழிக்குக் கிடைப்பது மழைத் தண்ணீர். நன்றாகவே பெய்கிறது, பெய்யட்டும்.

சித்தி மகள் கதை வேறு. அமீரகத்திலும் கத்தாரிலும் அவள் ஆசைப்பட்டாலும் சங்கம் வைக்க முடியாது, அதனால் சந்தா இல்லை. கத்தார் விமான நிறுவனத்தில் கர்ப்பமானால் வேலையை விட்டு நீக்கலாம் என்று ஒப்பந்தத்திலேயே இருந்தது. அது பாரபட்சம் என்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2015ல் சொன்ன பிறகு மாற்றினார்கள். அந்த அமைப்பிடம் புகார் கொண்டுபோனது உலகப் போக்குவரத்துத் தொழிலாளர் சங்கங்களின் கூட்டமைப்பு. அது நடப்பது பல நாட்டுச் சங்கங்கள் கட்டும் பணத்தில். ஆக உன் சித்தி மகள் மாதிரிப் பெண்களுக்காகவும் யாரோ எங்கேயோ சந்தா கட்டியிருக்கிறார்கள். நாம் பெருமைப்பட ஒன்றுமில்லை, ஏர் இந்தியாவிலேயே முதல் கர்ப்பத்தோடு வேலை போகும் என்ற விதியை 1981ல் உச்ச நீதிமன்றம்தான் அடித்துப் போட்டது.

இன்னொன்று உன் உடம்போடு சம்பந்தப்பட்டது. இரண்டு பணிகளுக்கு நடுவே அமெரிக்காவில் 9 மணி நேர ஓய்வு, அதையும் 8 ஆகக் குறைக்கலாம் என்று இருந்தது. விமானிகளுக்குப் 10 மணி நேரம் கிடைத்த பிறகும் உங்களுக்குக் கிடைக்கவில்லை. சங்கங்கள் விடாமல் நின்றதால் உங்களுக்கும் அதே 10 மணி நேரம் என்று 2018ல் சட்டம் வந்தது. வந்தும் அரசு இழுத்தடித்து விதியை வெளியிட்டது 2022 அக்டோபரில். நீ வேலையில் சேர்வதற்கு முன்னாலேயே யாரோ கட்டிய சந்தா அது, நீ தூங்குகிறாய்.

வேலைக்கே ஆபத்து வரும் நாளும் உண்டு. 2024 மே மாதம் ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் பணியாளர்கள் கூட்டமாக மருத்துவ விடுப்பு எடுத்தபோது சுமார் 25 பேருக்கு வேலை நீக்கக் கடிதம் போனது. டெல்லியில் தலைமைத் தொழிலாளர் ஆணையர் முன்னால் சங்கமும் கம்பெனியும் உட்கார்ந்து பேசிய பிறகு கடிதங்கள் திரும்பப் பெறப்பட்டன. தனியாளாகப் போய் நின்றிருந்தால் அந்தக் கதவு திறந்திருக்காது. உன் பக்கமும் பயணி புகார், தாமதம், உடம்பு சரியில்லை என்ற லீவு, எதற்காவது ஒரு நாள் அதிகாரி கூப்பிடுவார். போகும்போது சங்கப் பிரதிநிதியைக் கூட வைத்துக்கொள். ஆனால் ஒரு எச்சரிக்கை: பல ஒப்பந்தங்களில் சோதனைக் காலத்தில் இருப்பவரை நீக்கினால் சங்கம் பெரிதாக வாதாட முடியாது. உனக்கு அது எத்தனை மாதம் என்று இன்றைக்கே பார்.

குறை இல்லையா, இருக்கிறது. உங்கள் தொழிலுக்குப் பொருந்துவது 1926ன் ரயில்வே தொழிலாளர் சட்டம். அதன்படி பழைய ஒப்பந்தம் காலாவதியாகாது, புதியது வரும்வரை இழுத்துக்கொண்டே போகும், அரசின் மத்தியஸ்த வாரியம் பேச்சுவார்த்தையிலிருந்து விடுவிக்காமல் வேலைநிறுத்தமும் முடியாது. யுனைடெட் ஏர்லைன்ஸ் விமானப் பணியாளர்களின் ஒப்பந்தம் 2021லேயே திருத்த வேண்டியது. 2025 மே மாதம் ஒரு வரைவு வந்து, அது போதாது என்று ஜூலையில் 71 சதவீதம் பேர் ஓட்டுப் போட்டுத் தள்ளிவிட்டார்கள். அத்தனை வருஷமும் சந்தா மட்டும் தவறாமல் போனது. அதில் ஒருவராக நான் இருந்தால் நானும் உன்னை மாதிரிதான் கடிதம் எழுதியிருப்பேன்.

நிறுத்த முடியுமா என்றாய். சங்கமுள்ள பெரும்பாலான அமெரிக்க விமான கம்பெனிகளில் முடியாது, அந்த ஒப்பந்தமே கட்டச் சொல்லும், கட்டாவிட்டால் வேலைக்கே வேட்டு. உறுப்பினராகாமல் கட்டணம் மட்டும் கட்டலாம். பேரம் பேசுவதற்குச் சம்பந்தமில்லாத செலவுக்கு என் காசு வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தால் கொஞ்சம் குறையும். ஆனால் ஒப்பந்தத்துக்கு ஓட்டுப் போடும் உரிமை போய்விடும். அந்த 71 சதவீதத்தில் ஒரு ஓட்டை விட்டுக்கொடுத்துச் சில டாலர் மிச்சம் பிடிப்பது புத்திசாலித்தனமாக எனக்குப் படவில்லை. அதைவிடக் கணக்குக் கேள். அமெரிக்காவில் பெரிய சங்கங்கள் வருஷா வருஷம் தொழிலாளர் துறைக்கு எல்எம்-2 என்று ஒரு கணக்கு கொடுக்க வேண்டும், தலைவர் சம்பளம் வரை அதில் இருக்கும், இணையத்தில் யாரும் பார்க்கலாம். எங்கள் காலத்தில் அப்படி ஒன்று இருந்திருந்தால் அந்தத் தட்டிச் செலவை நான் சும்மா விட்டிருக்க மாட்டேன்.

கடைசியாக அந்த ஓய்வு நாள் விஷயம். ஓய்வு நாளில் கூப்பிட்டால் கூடுதல் சம்பளம் என்று பல ஒப்பந்தங்களில் இருக்கும். கம்பெனி தானாகப் போடாவிட்டால் நீதான் கேட்க வேண்டும், கேட்கவும் நாள் கணக்கு வைத்திருப்பார்கள். ரிசர்வ் பகுதியை எடுத்துப் படி, பே ஸ்லிப்பையும் அன்றைக்கு வந்த அழைப்பு விவரத்தையும் உன் பேஸில் (நீ பணிக்குக் கிளம்பும் விமான நிலையத்தில்) இருக்கும் சங்கப் பிரதிநிதிக்கு இங்கிருந்தே அனுப்பு. லீவு முடிந்து திரும்பும்வரை காத்திராதே, அதற்குள் தேதி தாண்டிவிடும்.