சான்றிதழ் இல்லாதவருக்குக் காய்ச்சல் வராதா?

கே: குளிசை போடத் தொடங்கி இரண்டு மாதம். ஒரு கால் மட்டும் வீங்கி வலிக்கிறது. என்ன செய்யலாம்? (திருநங்கை, கொட்டாஞ்சேனை)

என்ன குளிசை, எவ்வளவு, யார் தந்தது? ஒன்றையும் எழுதவில்லை. கடிதம் எழுதிக்கொண்டிருக்கும் நேரமா இது? வந்த அன்றே பதில் அனுப்பிவிட்டேன். இங்கே போடுவது மற்றவர்களுக்காக. ஒற்றைக்கால் வீக்கம் இரத்தக்கட்டியாக இருக்கலாம். உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போக வேண்டும். மூச்சு வாங்கினால் 1990, அம்புலன்ஸ் இலவசம். பெண் ஓமோனுக்காகத் தோழி பார்மசியில் வாங்கித் தந்த குடும்பக் கட்டுப்பாட்டுக் குளிசை என்பது என் ஊகம். அதிலுள்ள எதினைல் ஈஸ்ட்ரடயோல் என்ற ஓமோன் இரத்தம் கட்டியாகும் ஆபத்தைக் கூட்டும், சிகரெட்டும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். இரத்தம் சோதிக்காமல் ஓமோன் தொடாதீர்கள் என்று எத்தனை முறை எழுதுவது?

கே: மகனுக்கு 19 வயது. தன்னைப் பெண் என்கிறான். உளநல வைத்தியரிடம் காட்டினால் சுகமாகுமா?

சுகமாக்க நோய் ஏதும் இல்லை, அம்மா. உலக சுகாதார நிறுவனமே 2019இல் இதை உளநோய்ப் பட்டியலில் இருந்து எடுத்துவிட்டது. வைத்தியரிடம் கூட்டிப் போங்கள், மகளுக்குத் துணையாக.

கே: அடையாள அட்டையில் பழைய பெயர். காய்ச்சலுக்குப் போனால் ‘சான்றிதழ் எடுத்துக்கொண்டு வா’ என்கிறார்கள். சரியா? (தெமட்டகொட)

பிழை, முழுப்பிழை. பால்நிலை அங்கீகாரச் சான்றிதழ் 2016இல் சுகாதார அமைச்சின் சுற்றறிக்கையோடு வந்தது. உளநல நிபுணர் பார்த்துத் தருவார். அதைக் கொண்டு பதிவாளர் நாயகம் திணைக்களத்தில் பிறப்புப் பதிவைத் திருத்தி, பிறகு அடையாள அட்டையை மாற்றலாம். ஆவணம் மாற்றும் கடதாசி அது. காய்ச்சல் பார்க்கவோ எலும்பு முறிவுக்குக் கட்டுப் போடவோ அனுமதிச் சீட்டல்ல. அரசாங்க ஆஸ்பத்திரியில் மருந்து எல்லாருக்கும் இலவசம். சான்றிதழ் உள்ளவருக்கு மட்டும் என்று எங்கும் இல்லை.

இதைத் தொட்டால் எனக்கு நிறுத்தத் தெரியாது. நீரிழிவுக்காரி ஒருத்தி, வரிசையில் பழைய பெயரை உரத்துக் கூப்பிட்டதும் எழும்பிப் போனவள், மறுபடி வந்தது காலில் புண் அழுகிய பிறகுதான். நம்மவர்களுக்கு இன்னொரு தொல்லை: படிவம் சிங்களத்தில், மொழிபெயர்க்க ஒரு சிற்றூழியர், அவர் குரலோ கொரிடோர் முழுக்கக் கேட்கும். இரவில் அனுமதித்தால் ஆண் வார்ட்டா பெண் வார்ட்டா என்று கட்டிலைச் சுற்றி நின்று விவாதம். ஆகவே துண்டு எடுக்கும்போதே ‘இலக்கத்தால் கூப்பிடுங்கள்’ என்று சொல்லுங்கள். தமிழ் தெரிந்த ஒருவரைத் துணைக்குக் கொண்டு போங்கள். மறுத்தால் பணிப்பாளருக்கு எழுத்தில், பிரதியொன்று மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்கு.

கே: எச்.ஐ.வி. தடுப்புக் குளிசை ஓமோனைக் கெடுக்குமா?

கெடுக்காது. தினமும் தவறாமல் போடவேண்டும். கொழும்பு 10, டி சேரம் பிளேஸில் உள்ள அரசாங்கப் பாலியல் நோய் கிளினிக்கில் கேளுங்கள்.

கே: நான் திருநம்பி, 36 வயது. ஆண் ஓமோன் ஊசி போட்டு மாதவிடாய் நின்று எட்டு மாதம். இனிக் கர்ப்பத்தடை வேண்டாமே?

வேண்டும். மாதவிடாய் நிற்பது கர்ப்பத்தடை ஆகாது. ஊசி இரத்தத்தைத் தடிப்பாக்கும். ஆகவே, திரும்பவும் சொல்கிறேன், இரத்தச் சோதனை. கருப்பை இருந்தால் கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்ச் சோதனையும் உண்டு, தாடி வளர்ந்தாலும். பெண்கள் கிளினிக்கில் போய் நிற்க வெட்கம் என்கிறீர்கள். முதல் நாளே தாதியிடம் போனில் பேசி, ஆட்கள் குறைந்த நேரத்தைக் கேட்டு வாங்குங்கள்.