தாத்தாவின் தொழில் என்ன? பழைய பதிவேட்டுக் கையெழுத்து: கேள்வி பதில்

புதுச்சேரி எத்தா சிவில் (பிரெஞ்சுக்காரர் காலத்துப் பிறப்பு, கல்யாண, இறப்புப்) பதிவுகளிலும் கடலூர்ப் பக்கத்துப் பத்திரங்களிலும் தொழில் என்ற இடத்தில் இருப்பதைப் படிக்க முடியாதவர்கள் அனுப்பிய கேள்விகள் இவை. எல்லோருக்கும் ஒரு வேண்டுகோள்: அந்தச் சொல்லை மட்டும் வெட்டி அனுப்பாதீர்கள், முழுப் பக்கத்தையும் அனுப்புங்கள். எழுதியவரின் கை பிடிபட்டால்தான் சொல் பிடிபடும்.

மஞ்சக்குப்பம்: ஐயா, 1881 சென்சஸில் எங்கள் கொள்ளுத்தாத்தா வீட்டுக் குறிப்பை எங்கே பார்க்கலாம்?

பார்க்க முடியாது தம்பி. வீடு வீடாகப் பேர் எழுதிய தாள்களைக் கணக்கு முடிந்ததும் வைத்துக்கொள்ளவில்லை. மிஞ்சியது இத்தனை நெசவாளர், இத்தனை வண்ணார் என்ற அட்டவணைகள்தான். உங்களுக்கு வழி பத்திரம். கிரயம், அடமானம், பாகப்பிரிவினை எதுவானாலும் அப்பா பேர், ஊர், ஜீவனம் மூன்றும் பெரும்பாலும் இருக்கும். புதுச்சேரிக்குப் பெண் கொடுத்த குடும்பமா? அங்கே நடந்த கல்யாணப் பதிவையும் தேடுங்கள், பெண்ணின் அப்பா என்ன செய்தார் என்று அதில் ஏறியிருக்கலாம். புதுச்சேரிப் பதிவுகள் பிரான்சின் எக்ஸ்-ஆன்-புரொவான்ஸ் நகரத்திலுள்ள கடல்கடந்த ஆவணக்காப்பகத்தின் இணையதளத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன.

முத்தியால்பேட்டை: அண்ணா, 1850-களின் பிறப்புப் பதிவு. அப்பாவின் வயதுக்குப் பிறகு டி, ஐ, எஃப், எஸ் என்று ஒரு சொல் தொடங்குகிறது. எந்த அகராதியிலும் இல்லை.

அது எஃப் இல்லை, நீட்டி எழுதிய எஸ். இரண்டு எஸ் சேர்ந்து வந்தால் முதலாவதை மேலும் கீழும் இழுத்து, அடுத்ததைச் சிறிதாக எழுதுவது அந்தக் காலத்துப் பிரெஞ்சு எழுத்தர்களின் பழக்கம். சோதித்துப் பார்க்க வழி அந்தப் பக்கத்திலேயே இருக்கிறது. 'புரொஃபெசியோன்' (தொழில்) என்ற சொல்லைத் தேடுங்கள். அதில் உண்மையான எஃப் ஒன்று உண்டு, இரட்டை எஸ்ஸும் உண்டு. உங்கள் சொல்லை அதன் பக்கத்தில் வைத்தால் கீழ்ச்சுழி எந்தப் பக்கம் திரும்புகிறது என்பதிலேயே எது எது என்று தெரிந்துவிடும். நீங்கள் அனுப்பிய படத்தில் அப்படிப் பார்த்தேன். சொல் 'திஸ்ரான்', அதாவது நெசவாளர்.

முத்தியால்பேட்டைக்கு அது பொருந்துகிறது. இங்கே நெய்து அவுரியில் தோய்த்த நீலத்துணி செனகல் வரை போனது. ஆனாலும் ஊருக்குப் பொருந்துகிறது என்பதற்காக ஒரு சொல்லை ஏற்காதீர்கள். எழுத்து ஒப்புக்கொண்ட பிறகுதான் ஊர் சாட்சி சொல்ல வேண்டும்.

பிரெஞ்சுப் பதிவு வாய்பாடு போல ஓடும்: எழுத்தால் எழுதிய ஆண்டும் நாளும், அதிகாரி பேர், வந்து சொன்னவர் பேர், வயது, தொழில், குடியிருப்பு. ஆகவே வயதுக்கும் 'தெமெரான்' (குடியிருப்பவர்) என்ற சொல்லுக்கும் நடுவில் தேடுங்கள். சில எழுத்தர்கள் அந்த இடத்தில் சாதிப் பேரை எழுதிவிடுவார்கள், அதையும் மனதில் வையுங்கள்.

திருப்பாப்புலியூர்: பத்திரத்தில் தாத்தா 'சுகஜீவனம்' என்றும், அடுத்தவர் 'ஷை' என்றும் இருக்கிறது. 'ஷை' என்ன தொழில்?

தொழிலே இல்லை அம்மா. 'மேற்படி' என்பதற்கான குறி அது. பழைய கையில் ௸ என்று சுழித்திருக்கும், பிறகு வந்தவர்கள் அதையே ஷை என்று எழுதினார்கள். மேலே இருப்பவருக்கு என்ன ஜீவனமோ அதுவே இவருக்கும். பக்கத்தின் முதல் வரியே ஷை என்றால் முந்தைய பக்கத்தைக் கேட்டு வாங்குங்கள். சுகஜீவனம் என்றால் உழைத்துக் கூலி வாங்காமல் நிலம், வாடகை, வட்டி வருமானத்தில் இருந்தவர். புதுச்சேரியில் அதே ஆளைப் 'புரொப்ரியேத்தேர்', அதாவது சொத்து உடையவர், என்று எழுதுவார்கள்.

பண்ருட்டி: 'வரணியன்' என்றொரு தொழில் உண்டா?

வாணியன், செக்கு ஆட்டியவர். அந்தக் கையில் துணைக்காலும் ரகரமும் ஒன்றுபோலவே இருக்கும், புள்ளியும் வைக்க மாட்டார்கள். 'தசசன' தச்சன், 'கொததன' கொத்தன். ஏ, ஓ நெடிலுக்கு இரட்டைக் கொம்பும் தனியாக வராது, ஒற்றைக் கொம்புதான். ரகரம் உறுத்தினால் காலாக வைத்து ஒருமுறை வாய்விட்டுப் படியுங்கள், பாதி சிக்கல் தீரும்.

வில்லியனூர்: ஒரே பெயர், மூன்று பதிவு. ஒன்றில் கூலி, ஒன்றில் பயிர்செய்பவர், கடைசியில் நில உடைமையாளர். ஒரே ஆள்தானா?

ஆகலாம். இருபது வருஷத்தில் மனிதர் காணி வாங்கியிருக்கலாம். அல்லது எழுத்தர் மாறியிருக்கலாம், கூலிக்குப் போகிறவரும் கால் காணி வைத்திருப்பவரும் ஒருவரே என்பது நம் ஊரில் சாதாரணம். தொழிலை வைத்து முடிவு கட்டாதீர்கள். மனைவி பேர், சாட்சிகள், கையொப்பம் மூன்றையும் ஒப்பிடுங்கள். நம் ஆட்கள் பலர் பிரெஞ்சுப் பதிவில் தமிழிலேயே கையொப்பம் போட்டிருக்கிறார்கள், அந்தக் கை அவ்வளவு சீக்கிரம் மாறாது. 1881 பிரெஞ்சு ஆணைப்படி சொந்தச் சட்டத்தை (சாதி, மத வழக்கச் சட்டத்தை) விட்டுப் பிரெஞ்சுச் சிவில் சட்டத்தை ஏற்ற குடும்பம் என்றால் அதன்பின் புதுக் குடும்பப்பேர் வந்திருக்கும், அப்போது கையொப்பம் இன்னும் முக்கியம்.

வம்பாகீரப்பாளையம்: பாட்டிக்குத் 'தொழில் இல்லை' என்று எழுதியிருக்கிறார்கள். அவர் ஆயுள் முழுக்க மீன் விற்றவர்.

எழுத்தர் கேட்டிருக்கவே மாட்டார். உங்கள் குடும்ப வரைபடத்தில் பதிவில் உள்ளதை அப்படியே எழுதுங்கள், பக்கத்தில் 'மீன் வியாபாரம், குடும்பத்தார் சொன்னது' என்றும் எழுதுங்கள். அவர் சுமந்த கூடையைப் பதிவேடு விட்டுவிட்டது. நீங்களும் விடக்கூடாது.

கடலூர் முதுநகர்: ரெயூனியன் தீவுக்குப் போன எங்கள் முன்னோர் அங்கே 'குல்திவத்தேர்' (பயிர்செய்பவர்) என்று பதிவாகியிருக்கிறார். நாங்கள் படகோட்டிகள் என்றல்லவா கேள்விப்பட்டோம்?

அங்கே ஆள் எடுத்தது கரும்புத் தோட்டத்துக்கு, அதனால் அந்தச் சொல்லை அளவுக்கு மீறி நம்ப வேண்டாம். புதுச்சேரியில் கப்பல் ஏறியதால் ஊர் புதுச்சேரி என்றும் ஆகாது. 1861-இல் பிரிட்டனும் பிரான்சும் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தின்படி பிரிட்டிஷ் எல்லை ஆட்களையும் புதுச்சேரி, காரைக்கால் வழியாக அனுப்பினார்கள். ரெயூனியனில் அவருக்குக் கொடுத்த பதிவு எண்ணைப் பிடியுங்கள். அதை வைத்து அப்பா பேரும் கிராமமும் கிடைத்தால், கிளம்பும் முன் பிறந்த பிள்ளை யாராவது புதுச்சேரிப் பக்கம் பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். அதில் 'மக்குவா' என்று இருந்தால் கடலோரப் படகுக்காரர்கள், கப்பலுக்கும் கரைக்கும் நடுவே சலங்குப் படகு ஓட்டியவர்கள்தான்.