வேலை விளம்பரங்கள் கேட்கும் தகுதிகள்

மதிப்பிற்குரிய ஐயா,

தரவுப் பதிவு வேலைக்கான விளம்பரம் ஒன்றைப் பார்த்தேன். வயது 24ஐத் தாண்டக் கூடாது, முதுகலைப் பட்டம், அதன் பின் 5 ஆண்டு அனுபவம், ‘நல்ல தோற்றம்’ என்றெல்லாம் கேட்டிருந்தார்கள். நான் இளங்கலை மட்டுமே படித்தவன். ஏழு ஆண்டுகளாக இதே வேலையைச் செய்கிறேன். இத்தகைய நிபந்தனைகள் எப்படி உருவாகின்றன? என்னைப் போன்றவர்கள் விண்ணப்பிப்பதில் பயன் உண்டா?

அன்புடன்,
ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

முதுகலை முடிக்கும்போது ஒருவருக்கு 22 அல்லது 23 வயது ஆகியிருக்கும். அதன் பின் 5 ஆண்டு வேலை பார்த்தால் 27, 28. அந்த விளம்பரத்துக்குப் பொருந்தும் ஆள் அநேகமாக எங்கும் இருக்க முடியாது. எழுதியவர் இந்தக் கூட்டலைப் போட்டுப் பார்த்திருக்க மாட்டார். பல நிறுவனங்களில் விளம்பரம் எழுதுபவருக்கும் அந்த வேலைக்கும் தொடர்பே இருப்பதில்லை. பழைய விளம்பரம் ஒன்றை எடுத்து, மேலதிகாரிகள் ஆளுக்கொன்றாகச் சொல்வதை அதில் சேர்த்துக்கொண்டே போகிறார்கள். ஒரு வரியைக் கூட்டுவதால் அவர்களுக்கு எந்த இழப்பும் இல்லை. அதைப் படித்துவிட்டு ஒதுங்கிக்கொள்கிறவர்தாம் இழக்கிறார்.

ஃபாஸ்ட்ஏபிஐ என்ற மென்பொருள் கட்டமைப்பை உருவாக்கிய செபாஸ்டியன் ராமிரெஸ், அதில் நான்கு ஆண்டுக்கு மேல் அனுபவம் கேட்ட விளம்பரம் ஒன்றை 2020இல் பார்த்தார். அவர் அதை உருவாக்கியே அப்போது ஒன்றரை ஆண்டுதான் ஆகியிருந்தது.

பட்டம் கேட்பது இதைவிடப் பரவலான அநீதி. ஹார்வர்டு வணிகப் பள்ளி 2017இல் வெளியிட்ட அறிக்கையின்படி, 2015இல் அமெரிக்காவில் வெளியான உற்பத்தி மேற்பார்வையாளர் பணி விளம்பரங்களில் 67 விழுக்காடு பட்டம் கேட்டன. அப்பணியில் ஏற்கெனவே இருந்தவர்களில் 16 விழுக்காட்டினரே பட்டதாரிகள். பட்டமில்லாமல் நன்றாக நடந்துகொண்டிருந்த வேலைக்குப் புதிதாக வருபவரிடம் மட்டும் பட்டம் கேட்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

இதில் எனக்குப் பிடித்த தீர்ப்பு, அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1977இல் அளித்தது. அலபாமா மாநிலச் சிறைக்காவலர் பணிக்கு 5 அடி 2 அங்குல உயரமும் 120 பவுண்டு எடையும் வேண்டும் என்று விதி இருந்தது. அந்த விதி பெண்களில் ஏறத்தாழ 41 விழுக்காட்டினரையும் ஆண்களில் ஒரு விழுக்காட்டுக்கும் குறைவானவர்களையுமே விலக்கியது. உடல் வலிமை தேவைப்படுவதால்தான் இவ்விதி என்று மாநிலம் வாதிட்டபோது, வலிமைதான் வேண்டுமென்றால் வலிமையையே நேரடியாகச் சோதிக்கலாமே என்று நீதிமன்றம் கூறி, விதியைத் தள்ளிவிட்டது. உங்கள் வேலைக்கும் அதே நியாயம் பொருந்தும். ஒரு பக்கக் கையெழுத்துப் படிவத்தைக் கொடுத்துப் பத்து நிமிடம் பதிவு செய்யச் சொன்னால், வேகமும் பிழைகளும் அங்கேயே தெரிந்துவிடும். முதுகலைச் சான்றிதழ் அதைச் சொல்லாது. முகத்தைப் பார்த்துச் செய்கிற வேலையே இல்லாத இடத்தில் ‘நல்ல தோற்றம்’ கேட்பது மனிதரை அவமதிப்பதாகும்.

முன்பே தேர்ந்தெடுத்துவிட்ட ஒருவருக்காக அளவெடுத்துத் தைத்த நிபந்தனைகளும் உண்டு. அவற்றை வெளியிலிருந்து கண்டுபிடிப்பது கடினம்.

நீங்கள் விண்ணப்பியுங்கள். இளங்கலை என்பதை மறைக்காமல் எழுதுங்கள். அதற்கு முன்னால் ஏழு ஆண்டுப் பணியையும், ஒரு நாளில் எத்தனை படிவங்கள் முடிக்கிறீர்கள் என்பதையும் வையுங்கள். செய்முறைத் தேர்வுக்கு ஆயத்தமாக இருப்பதாக ஒரு வரி சேருங்கள். விதிகளில் வயது வரம்பை வரையறுத்திருக்கும் அரசுப் பணிகளுக்கு மட்டும் இந்த வழி உதவாது. அங்கே கட்டணம் செலுத்துமுன் அறிவிக்கையை முழுதாகப் படித்துவிடுங்கள்.