எழுத்தே இல்லாத மொழிக்கு மூலமொழி எப்படிக் கிடைக்கும்?

கேள்வி: பப்புவா மொழிகள் சிலவற்றுக்கு மூவாயிரம் வருஷத்துக்கு முந்தைய மூலமொழியைக் கண்டுபிடித்திருக்கிறார்களாமே? கல்வெட்டு, ஓலை எதுவும் கிடையாது. கதை விடுகிறார்களா? – வாசகர், தேனி

பதில்: கதை இல்லை. முதலில் ஒன்று: 'பப்புவா' என்பது ஒரே குடும்பத்தின் பெயர் இல்லை, நியூ கினி வட்டாரத்தில் ஆஸ்திரோனேசியக் குடும்பத்தில் (மலாய், ஜாவா மொழிகளின் குடும்பம்) சேராததையெல்லாம் அள்ளிப்போட்ட மூட்டை. அதற்குள் இருக்கும் சின்னக் குடும்பம்தான் அலோர்–பந்தார். கிழக்கு இந்தோனேசியாவில், திமோருக்கு வடக்கே உள்ள அலோர், பந்தார் தீவுகளில் சுமார் 20 மொழிகள்.

கேரி ஹோல்டன், மரியான் கிளாமர் உள்ளிட்ட ஐந்து மொழியியலாளர்கள் 2012-ல் இந்த மொழிகளின் சொற்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒலி மாற்றங்களைப் பிடித்தார்கள். மீனுக்கு அபுய் மொழியில் 'அஃபு', கமாங்கில் 'அபி'. சரி, ஒரு சொல் தற்செயலாக ஒத்துப்போகலாம். பன்றி? அபுயில் 'ஃபே', கமாங்கில் 'பே', டெய்வாவில் 'பய்'. பாக்குக்கு 'ஃபு', 'பு', 'புய்'. (கமாங்கின் ப 'பல்'லில் வருவது, டெய்வாவின் ப 'தம்பி'யில் வருவது, நம் எழுத்தில் ரெண்டும் ஒன்றாகத்தான் தெரியும்.) ஒன்றில் ஃப வந்தால் இன்னொன்றில் ப என்று சொல்லுக்குச் சொல் இப்படி ஒழுங்காக வந்தால் அது தற்செயல் ஆகாது, கன்னடத்தில் நம் பால் 'ஹாலு' ஆகி, பத்து 'ஹத்து' ஆனதைப் போலத்தான். மூலத்தில் இருந்தது 'தம்பி'யின் ப என்று முடிவுகட்டினார்கள்.

வயசு எப்படித் தெரிந்தது என்பதுதான் எனக்குப் பிடித்த இடம். மீன் அவர்களுடைய சொந்தச் சொல். பன்றியும் பாக்கும் கடலில் வந்த ஆஸ்திரோனேசியர்களிடம் வாங்கியவை என்று கருதுகிறார்கள். வாங்கிய சொற்களும் சொந்தச் சொல்லைப் போலவே மாறியிருக்கின்றன என்றால், மூலமொழி பிரிவதற்கு முன்பே அவை உள்ளே வந்திருக்க வேண்டும். ஆஸ்திரோனேசியர்கள் அந்தப் பக்கம் வந்தது ஏறத்தாழ 3,000 வருஷம் முன்பு. ஆக, அதற்கு அப்புறம்தான் பிரிவு.

கேள்வி: அப்படியானால் அலோர்–பந்தார் மக்கள் நியூ கினியிலிருந்து வந்தவர்கள்தானே? – அதே வாசகர்

பதில்: அது அவ்வளவு சுலபம் இல்லை. நியூ கினி அங்கிருந்து கிழக்கே ஏறத்தாழ 1,000 கிலோமீட்டர். முன்பு இந்த மொழிகளை 'டிரான்ஸ் நியூ கினி' என்ற பெரிய குடும்பத்தில் சேர்த்திருந்தார்கள். ஹோல்டனும் லாரா ராபின்சனும் சோதித்துப் பார்த்து, ஆதாரம் போதாது என்றார்கள். திமோர் தீவின் புனாக், மகசாய், ஃபதாலுகு மொழிகளோடு உள்ள உறவு உறுதி, அதுவும் 2014-ல்தான் நிறுவப்பட்டது.