அம்மாவின் சிட்டிசன்ஷிப் நேர்காணல்: எண்கள் குழம்பினால் என்ன செய்வது?

கேள்வி: அம்மாவுக்கு 57 வயது. கிரீன் கார்டு வாங்கி 16 வருஷம் ஆகிறது, இடையில் நீண்ட நாள் ஊரில் தங்கியதும் இல்லை. 2026 ஜனவரியில் அமெரிக்கக் குடியுரிமைக்கான என்-400 விண்ணப்பம் அனுப்பினோம். தெரிந்தவர் கொடுத்த நூறு கேள்விப் புத்தகத்தை வைத்து மனப்பாடம் செய்கிறார். அரசியல் சட்டத் திருத்தங்கள் வந்துவிட்டால் போதும், 15, 19, 24, 26 என்று எண்கள் குழம்பி அழாத குறைதான். தமிழில் பதில் சொல்லலாமா? எப்படிச் சொல்லிக் கொடுப்பது? – ஒரு வாசகி, எடிசன், நியூ ஜெர்சி

பதில்: முதல் வேலையாக அந்தப் புத்தகத்தை மூடி வைக்கச் சொல்லுங்கள். நூறு கேள்விப் பட்டியல் 2008-ஆம் ஆண்டுத் தேர்வுக்கு உரியது. 2025 அக்டோபர் 20 முதல் விண்ணப்பித்தவர்களுக்குத் தேர்வு வேறு. பட்டியலில் 128 கேள்விகள். அதிலிருந்து 20 வரை கேட்பார்கள். 12 சரியாக இருந்தால் தேர்ச்சி. பன்னிரண்டாவது சரியான பதிலோடு அதிகாரி நிறுத்திவிடுவார். ஒன்பது தவறானாலும் நிறுத்திவிடுவார். புதிய பட்டியல் குடியேற்றத் துறையின் இணையதளத்திலேயே இலவசமாகக் கிடைக்கிறது.

தமிழில் தாராளமாகச் சொல்லலாம். விண்ணப்பம் அனுப்பிய நாளில் 55 வயதாகி, கிரீன் கார்டோடு 15 வருஷம் இங்கே வசித்தவர்களுக்கு ஆங்கிலத் தேர்வு கிடையாது. அமெரிக்க அரசு, வரலாறு பற்றிக் கேட்கும் குடிமைத் தேர்வு உண்டு, ஆனால் தாய்மொழியில். மொழிபெயர்ப்பாளரை நீங்கள்தான் அழைத்துப் போக வேண்டும். நீங்களே உட்கார்ந்துவிடலாம் என்று நினைக்காதீர்கள். குடும்பத்தாரை அதிகாரி ஏற்காமலும் போகலாம்.

இனி எண் குழப்பத்துக்கு வருவோம். தேர்வில் வரும் கேள்வியைக் கவனியுங்கள்: யார் ஓட்டுப் போடலாம் என்பது பற்றி நான்கு திருத்தங்கள் இருக்கின்றன, அவற்றில் ஒன்றை விளக்குங்கள். அவ்வளவுதான், எண்ணை யாரும் கேட்கவில்லை. ஒவ்வொரு திருத்தமும் ஒரு சண்டையின் முடிவு. அம்மாவுக்குச் சண்டையைச் சொல்லிக் கொடுங்கள், பதில் தானாக வரும்.

உள்நாட்டுப் போர் முடிந்து அடிமை முறை ஒழிந்தது 1865-இல். விடுதலையானவர்களுக்கு ஓட்டு உண்டா என்பது அடுத்த சண்டை. நிறத்தையோ இனத்தையோ காட்டி ஓட்டுரிமையை மறுக்கக் கூடாது என்று 1870-இல் முடிவானது. ஆனால் ஆண்களுக்கு மட்டும். தென் மாநிலங்கள் சும்மா இருக்கவில்லை; ஓட்டுப் போட வேண்டுமானால் வரி கட்டு என்றன. ஏழைக் கறுப்பர்கள் எங்கே போவார்கள்? நம் ஊரில் ஓட்டுக்குக் காசு கொடுப்பார்கள் என்றால், அங்கே ஓட்டுப் போடுவதற்குக் காசு கேட்டார்கள். இப்படிச் சொல்லிப் பாருங்கள், அம்மா மறக்க மாட்டார். மத்திய அரசுக்கான தேர்தல்களில் அந்த வரியை ஒழித்தது 1964-இன் திருத்தம். 1971-இல் வந்தது வயதுச் சண்டை. வியட்நாம் போருக்குப் பதினெட்டு வயதுப் பையனைக் கட்டாயப்படுத்தி அனுப்பலாம், அவன் ஓட்டுப் போட மட்டும் 21 ஆக வேண்டுமா? 18 போதும் என்று முடிவானது. இந்தியாவில் இதே மாற்றம் வந்தது 1989-இல். உங்கள் அம்மா முதன்முதலாக ஓட்டுச் சாவடிக்குப் போனதும் அதையொட்டித்தான் இருக்கும்.

நான்காவது, பெண்களின் ஓட்டு. இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்லுங்கள், ஏனென்றால் அரசியல் சட்டத்தை எப்படித் திருத்துகிறார்கள் என்பதும் இதிலேயே விளங்கிவிடும். அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸின் இரண்டு அவைகளிலும் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு கிடைத்தால் திருத்தம் மாநிலங்களுக்குப் போகும். நான்கில் மூன்று பங்கு மாநிலங்கள் ஏற்றால்தான் அது சட்டம். அன்று 48 மாநிலங்கள், ஆகவே 36 தேவை. 35 கிடைத்துவிட்டது. 1920 ஆகஸ்டில் டென்னசி மாநிலச் சட்டமன்றத்தில் வாக்கெடுப்பு. ஹாரி பர்ன் என்ற 24 வயது உறுப்பினர் எதிர்ப்பு அணியின் அடையாளமான சிவப்பு ரோஜாவைச் சட்டையில் குத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பையில் அவருடைய அம்மா எழுதிய கடிதம்: பெண்களுக்கு ஓட்டுக் கொடு, மகனே. பெயரைக் கூப்பிட்டதும் ‘ஆம்’ என்று வாக்களித்துவிட்டார். டென்னசி 36-ஆவது மாநிலமானது. அம்மாவின் பேச்சைக் கேட்டேன் என்று அவரே பிறகு விளக்கமும் சொன்னார். பிள்ளைக்குக் கடிதம் எழுதிய எந்த அம்மாவுக்கும் இது மறக்குமா?

இன்று 50 மாநிலங்கள், தேவை 38. அதனால்தான் 1787-இல் எழுதிய சட்டத்துக்கு இதுவரை 27 திருத்தங்கள் மட்டுமே. இந்த 27 தேர்வில் கேட்கக்கூடிய எண். கடைசித் திருத்தத்தின் கதை வேடிக்கையானது: காங்கிரஸ் உறுப்பினர்களின் சம்பளம் பற்றி 1789-இல் முன்மொழிந்தது, 1992-இல்தான் நிறைவேறியது! இந்தியாவிலிருந்து வந்தவர்கள் இடறும் இடமும் ஒன்று உண்டு. ஜனாதிபதி கையெழுத்துப் போட்டால்தான் திருத்தம் செல்லும் என்று நமக்குப் பழக்கம். அமெரிக்க அதிபருக்கு இதில் வேலையே இல்லை.

முதல் பத்துத் திருத்தங்களுக்கு ‘பில் ஆஃப் ரைட்ஸ்’ (உரிமைகள் சாசனம்) என்று பெயர், 1791-இல் வந்தவை. பேச்சு, மதம், பத்திரிகைச் சுதந்திரம் எல்லாம் அதில் முதலாவது. அந்த முதல் திருத்தம் தவிர எண்ணோடு பிடித்துக்கொள்ள வேண்டியவை இரண்டு. மத்திய அரசுக்குத் தராத அதிகாரம் மாநிலங்களுக்கோ மக்களுக்கோ உரியது என்பது 10. இங்கே பிறந்தவர்களும் குடியுரிமை பெற்றவர்களும் அமெரிக்கக் குடிமக்கள் என்பது 14. இரண்டாவது வகையில்தான் உங்கள் அம்மா சேரப்போகிறார்.

அடிப்படைக் கொள்கைகள் என்று வரும் கேள்விகள் பெரிய சொற்களால் பயமுறுத்தும், உள்ளே இருப்பது ஒரே அச்சம்தான். பிரிட்டிஷ் மன்னரோடு மோதி வந்தவர்களுக்கு ஒரே கையில் அதிகாரம் சேர்வதைக் கண்டால் பயம். மனிதர்கள் தேவதைகளாக இருந்தால் அரசாங்கமே தேவைப்படாது என்று, அரசியல் சட்டத்தை உருவாக்கியவர்களில் ஒருவரான ஜேம்ஸ் மேடிசன் 1788-இல் எழுதினார். அதனால் அதிகாரத்தை மூன்றாகப் பிரித்து ஒன்றை ஒன்று கண்காணிக்க விட்டார்கள். காங்கிரஸ் சட்டம் இயற்றும், அதிபர் தடுக்கலாம், மூன்றில் இரண்டு பங்கு இருந்தால் காங்கிரஸ் அந்தத் தடையை மீறலாம், அரசியல் சட்டத்துக்கு முரண் என்றால் நீதிமன்றம் ரத்து செய்யலாம். மூன்று பிரிவுகள் ஏன் என்று கேட்டால், ஒரே பிரிவு மிஞ்சிப் போய்விடக் கூடாது என்பதற்காக என்று சொன்னால் போதும். சட்டத்தின் ஆட்சி என்றால்? தலைவர்களும் சட்டத்துக்குக் கட்டுப்பட வேண்டும், யாரும் அதற்கு மேல் இல்லை. இலக்கணத் தமிழ் வேண்டாம், வீட்டுத் தமிழிலேயே சொல்லட்டும். ஆனால் மொழிபெயர்ப்பாளரோடு ஒரு முறை ஒத்திகை பாருங்கள்.

எல்லாரும் சறுக்கும் ஒரு கேள்வி: உயிர், சுதந்திரம், மகிழ்ச்சியைத் தேடும் உரிமை என்ற வாசகம் எந்த ஆவணத்தில்? அரசியல் சட்டம் என்பார்கள். இல்லை, 1776-இன் சுதந்திரப் பிரகடனம். ‘மக்களாகிய நாம்’ என்று தொடங்குவதுதான் அரசியல் சட்டம். இந்திய அரசியல் சட்டத்தின் முகவுரையும் அப்படித்தான் தொடங்குகிறது என்பதால் அம்மாவுக்கு இது எளிது.

முதல் தடவை தவறினாலும் 60 முதல் 90 நாளுக்குள் இன்னொரு வாய்ப்பு உண்டு. கவர்னர், செனட்டர், பிரதிநிதிகள் அவைத் தலைவர் (ஸ்பீக்கர்) பெயர்களை மட்டும் நேர்காணலுக்கு முந்தின வாரம் சரிபாருங்கள். உங்கள் மாநிலத்தில் கவர்னர் மாறியது 2026 ஜனவரியில்தான்.