மட்டி சதை தூண்டில் முள்ளுல நிக்க மாட்டேங்குதா?

கலிஃபோர்னியால ஹாஃப் மூன் பே பக்கம் இருக்கிற ஒரு தம்பி கேட்டிருக்கார்: கடையில வாங்குன மட்டிய முள்ளுல குத்தி முடிஞ்ச வரைக்கும் தூரமா வீசுறேன், திருப்பி சுத்துனா வெறும் முள்ளு தான் வருது, சர்ஃப்பெர்ச் (கரையோர அலையில மேயுற மீன்) ஒன்னு கூட மாட்டல, என்ன தப்பு பண்றேன்னு.

தம்பி, மட்டி அருமையான இரை தான், ஆனா சதை ரொம்ப மெத்துன்னு இருக்கும், சும்மா குத்தி வேகமா வீசுனா காத்துலயே பிச்சுக்கிட்டு போயிடும். முதல் நாள் ராத்திரியே ஓட்டுல இருந்து எடுத்து தண்ணிய வடிச்சு, கல்லுப்ப நல்லா தூவி டப்பால போட்டு ஃப்ரிட்ஜ்ல வைங்க, காலைல பார்த்தா தண்ணி விட்டு சுருங்கி ரப்பர் மாதிரி கெட்டியா இருக்கும். அதுல நாக்கு மாதிரி நீட்டிக்கிட்டு இருக்கிற பகுதி தான் சீக்கிரம் பிய்யாது. கட்டைவிரல் நகம் அளவுக்கு வெட்டி, 4ம் நம்பர் இல்லன்னா 6ம் நம்பர் முள்ளுல ரெண்டு மூணு தடவ குத்தி ஏத்துங்க, மெல்லிசான எலாஸ்டிக் நூல எட்டு பத்து சுத்து இறுக்கிச் சுத்தி இழுத்து அறுத்துடுங்க, முடிச்சே தேவையில்ல. முள்ளோட நுனி மட்டும் வெளிய தெரியணும்.

இதை விட பெரிய தப்பு அந்தத் தூரம். பெர்ச் மணல் நண்டு தேடி கரைக்கு ரொம்ப கிட்டவே வரும், அலை தோண்டி விட்ட பள்ளத்துல தான் மேயும், பல நாள் 10, 15 மீட்டர்லயே கடிக்கும், நீங்க அதோட தலைக்கு மேல வீசிட்டு இருக்கீங்க. தண்ணி வத்தி இருக்கும்போது போய் பள்ளம் எங்கன்னு பார்த்து வச்சுக்கங்க, ஏறும்போது அங்க போடுங்க. அலை உடையாம தண்ணி கொஞ்சம் கருத்து தெரியுதுன்னா அது தான் இடம். நூல்ல ஓடுற 1 அவுன்ஸ் ஈயக்குண்டு, சுவிவல் (நூல் முறுக்காம சுழலுற இணைப்பு), அதுல இருந்து முள்ளு வரைக்கும் ஒன்னரை அடி லீடர் நூல் போதும். மெதுவா சுத்துங்க, டக் டக்னு தட்டும், உடனே வெடுக்குன்னு இழுக்காதீங்க, கனம் தெரியட்டும். கடலுக்கு முதுகு மட்டும் காட்டவே காட்டாதீங்க, அந்தப் பக்கம் திடீர்னு பெரிய அலை ஏறி ஆள இழுத்துட்டுப் போயிருக்கு.

16 வயசு ஆயிடுச்சுன்னா மீன்பிடி லைசென்ஸ் வேணும். ஒரு நாளைக்கு எல்லா பெர்ச்சும் சேர்த்து 20, ஒரே வகைன்னா 10 தான், சிவப்பு வால் பெர்ச் பத்தரை இஞ்சுக்குக் கம்மின்னா விட்டுடணும், போறதுக்கு முன்னாடி அந்த வருஷ விதிய ஒரு தடவ பார்த்துக்கங்க.

இன்னொன்னு, இந்த மீன் முட்டை போடாது, குட்டி போடும். வசந்த காலத்துல வயிறு உப்புன பெரிய மீன் வந்தா கைய ஈரமாக்கிட்டு முள்ள எடுத்து, அடுத்த அலையிலயே விட்டுடுங்க தம்பி.