ஆசியர்கள் மீதான இனவெறியை அமெரிக்க நாவல்கள் மிகைப்படுத்துகின்றனவா?

இல்லை. என்னைக் கேட்டால் பாதிதான் எழுதியிருக்கிறார்கள். நீங்கள் இன்னும் விமானம் ஏறவில்லை என்று நினைக்கிறேன். அங்கே இரண்டு வருடம் இருந்தவர் இப்படிக் கேட்க மாட்டார்.

ஜான் ஒகாடா எழுதிய 'நோ-நோ பாய்' 1957-ல் வந்த நாவல். இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்க அரசு சுமார் 1,20,000 ஜப்பானிய வம்சாவளியினரை முகாம்களில் அடைத்தது. அவர்களில் பெரும்பாலோர் அமெரிக்கக் குடிமக்கள். கதாநாயகன் இச்சிரோ முகாமில் இரண்டு வருடம், ராணுவத்தில் சேர மறுத்ததற்காகச் சிறையில் இரண்டு வருடம் என்று கழித்துவிட்டு சியாட்டில் திரும்புகிறான். வந்து இறங்கிய கொஞ்ச நேரத்தில் ஒருவன் அவன்மேல் காறித் துப்புகிறான். துப்பியவன் வெள்ளைக்காரன் இல்லை, அமெரிக்க ராணுவத்தில் இருந்து வந்த இன்னொரு ஜப்பானிய வம்சாவளிக்காரன்.

அந்த இடத்தில் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். காரணம் இருக்கிறது.

அமெரிக்காவில், கலிபோர்னியாவின் சான் ஹோசே நகரத்தில் ஒரு மாலை, பஸ் நிறுத்தத்தில் நின்று அம்மாவிடம் போனில் பேசிக்கொண்டிருந்தேன். அவருக்குக் கண் ஆபரேஷன் முடிந்த மறுநாள். ஒரு கார் மெதுவானது, கண்ணாடி இறங்கியது. "உன் நாட்டுக்கே போ" என்று கத்தி, குடித்து மீதியிருந்த காபியை வீசினான் ஒருவன். என் ஷூவெல்லாம் காபி. "என்னப்பா சத்தம்?" என்றார் அம்மா. "ஒண்ணுமில்லம்மா, பஸ் வந்துடுச்சு" என்று போனை வைத்தேன். பஸ் வர இன்னும் இருபது நிமிடம் இருந்தது.

அதைக்கூட மறந்திருப்பேன். அறைக்குப் போய்ச் சொன்னதும் என் நண்பன், நம்ம ஊர்க்காரன், "ரோட்டுல நின்னு தமிழ்ல சத்தமா பேசாதன்னு எத்தனை தடவ சொல்றது?" என்றான். அன்று ராத்திரி தூங்கவில்லை. கார்க்காரன் முகம் இப்போது நினைவில் இல்லை, இவன் முகம் இருக்கிறது.

உடனே "நம் நாட்டில் சாதி இல்லையா?" என்று கிளம்பி வராதீர்கள். இருக்கிறது, அதையும் பார்த்து வளர்ந்தவன்தான். இங்கே கேட்டது அதை இல்லை. அமெரிக்கர்கள் எல்லோரும் மோசம் என்றும் நான் சொல்லவில்லை.

அப்புறம், புத்தகம் இரவல் வாங்குபவர்களைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். திருப்பித் தருகிற பழக்கமே நம்மவர்களிடம் இல்லை. அந்த நாவலை அதே நண்பன்தான் வாங்கிப் போனான். நான்கு முறை கேட்டுவிட்டேன், இன்னும் தரவில்லை. துப்புகிற பக்கத்தில் பென்சிலால் கோடு போட்டு வைத்திருந்தேன். பார்த்தானா என்று தெரியவில்லை.